கிடங்கு எண் ஏழு, வாலிநோக்கம்

உப்பு வைத்திருந்த இடம்.
கணக்கில் இன்னமும் நாங்கள் மூட்டைகள்தான்.
காலையில் எண்ணுவார்கள், விளக்கு வைத்தபின் எண்ணுவார்கள்.
குறைந்தால்
‘ஈரத்தில் கரைந்தது’ என்று எழுதிக்கொள்வார்கள்.

காற்றுக்குப் பெயர் சொல்லும் உரிமை
இப்போது ஆணையத்துக்கு மட்டும்.
இன்று காற்று ஒன்று, என்னும் ஒலிபெருக்கி.
இன்று காற்று மூன்று.
மூன்றை நம்பிப் போன மூக்கையூர் வள்ளங்களில்
ஐந்து திரும்பவில்லை.
அன்றைக்குக் கரையில் நின்று
“கச்சான் திரும்பிருச்சு, போகாதீக” என்றேன்.
அதற்குத்தான் இது.

இபுறாம்சா என்னைவிட ஒரு வருசம் பழையவர்.
தூக்கத்தில் பேசிவிடாமலிருக்க
வாயில் துணியைத் திணித்துக்கொண்டு படுப்பார்.
வந்த அன்றே எனக்குப் பாதி கிழித்துத் தந்தார்.
நன்றி சொல்லவில்லை;
அதற்கும் உதடு அசைய வேண்டும்.

நேற்று ராக்காவல் நம்புராஜன்.
பாம்பன் பக்கத்துப் பையன்.
பூட்டை இழுத்துப் பார்த்தவன்
இருட்டுக்குள் மூக்கை நிமிர்த்தி
தனக்குத்தானே சொன்னான்:
“வாடை விழுந்துருச்சு. விடிஞ்சா சாளை படும்.”

எத்தனை நாளாயிற்று அந்தச் சொல்!
காதில் அல்ல,
பிடரி மயிரில் கேட்டேன்.

காலையில் விசாரணை.
மேசையில் எனக்கென்று ஒரு டீ.
“ராத்திரி ஏதாச்சும் கேட்டுச்சா?”
ஆவி தெற்கே சாய்ந்துகொண்டிருந்தது.
அதைப் பார்க்காதவன்போல் இருந்தேன்.
டீயைக் குடித்தேன்.
பிறகு பெயரைச் சொன்னேன்.

இன்று கணக்கில் ஒரு மூட்டை கூடுதல்.
சீருடையைக் கழற்றிவிட்டால்
அவனுக்கு இருபது வயதுகூட இராது.

இபுறாம்சா எதுவும் கேட்கவில்லை.
தன்னிடம் மிஞ்சிய துணியை
மறுபடியும்
பாதியாகக் கிழிக்கிறார்.