நீர்க்கண்ணாடி

எண்ணெயை வடித்துவிட்டு இதை ஊற்றச் சொல்லியிருந்தது அரசாங்கம்.
பார்வைக்குச் சர்க்கரைப் பாகு.
ஊற்றி, வண்டியைக் கிளப்பி,
முள் இரண்டாயிரத்தில் நிற்கும்படி
மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
சிலது நாலு நிமிடம்.
ஒரு வோல்வோ இருபது நிமிடம் இழுத்துக்கொண்டு கிடந்ததாம்;
ஷோரூம் பையன்கள் பந்தயம் கட்டினார்களாம்.
பிறகு உள்ளே எல்லாம் கண்ணாடி.

அந்த இலையுதிர் காலத்தில்
லைமா ஊருக்குத் தெற்கே, எங்கள் யார்டுக்கு வந்தவை
நானூற்றுப் பதினொன்று.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை மெழுகில் தேதி.
அதிலிருந்து நூற்றெண்பது நாள்:
கழற்ற முடிந்ததைக் கழற்று, மிச்சத்தை நசுக்கு.
"பிளாக்கை மட்டும் விற்றுவிடாதே ட்வைலா,
பெரிய அபராதம்" என்றார் வெர்லின்,
நோட்டு எண்ணும்போது மட்டும் வருகிற குரலில்.

எண்ணெய் போகாத இடமெல்லாம் எங்களுடையது.
ஆல்டர்னேட்டர் நாற்பது டாலர்.
ஸ்டார்ட்டர் முப்பது.
இன்ஜெக்டர்கள் ஆறாறாக ஜிப் பையில்.
டாங்கில் பெட்ரோலை மட்டும் எவரும் விட்டுவைக்கவில்லை,
வண்டியையே கொடுக்கிறவனுக்கும்
கடைசிக் காலன் வலிக்கும்.

விவரம் தெரியாத முதல் வாரம்
ஒரு வால்வ் கவரைத் திறந்து பார்த்தேன்.
கேம் ஷாஃப்ட் முழுக்கப் பொருக்குப் பொருக்காக வெள்ளை.
தேய்த்ததும் விரலில் ஒரு சில்லு ஏறியது.
எடுத்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள்.
குளிர் நாளில் விரல் வேறு மாதிரிச் சொல்கிறது.

நவம்பரில் ஒரு பச்சை எக்ஸ்ப்ளோரர்.
தொண்ணூற்றெட்டு மாடல், கதவில் நாய் பிராண்டிய கோடுகள்.
பெல்ட்டை உருவிவிட்டு
என்ன நினைப்பில் என்று தெரியவில்லை,
கிராங்க் போல்ட்டில் நீளக் கம்பியை மாட்டி அழுத்தினேன்.
சுற்றியது.
கால் வட்டம். அரை.
மறுபடி மேலே வந்து நின்றது கம்பி.

டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்தேன்.
தேன் நிறம். புது எண்ணெய்.

சான்றிதழில் கையெழுத்து இருந்தது:
இந்த எஞ்சினை நான் செயலிழக்கச் செய்தேன், ஆர். பெல்ஃப்ரி.
அவசரமில்லாத எழுத்து, எஃப்புக்குக் குறுக்குக்கோடுகூட விடவில்லை.
கருணையோ. சோம்பலோ.
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு
இன்னும் பன்னிரண்டு வண்டி வரிசையில் நின்றிருக்கலாம்.
ஆனால் சோம்பேறி புது எண்ணெய் ஊற்றுவானா?

டெமெட்ரியஸைக் கூப்பிட்டேன்.
அவனும் கம்பியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.
"நான் இதைப் பார்க்கவில்லை" என்று சொல்லி
சாண்ட்விச் தின்னப் போய்விட்டான்.

ஆறு மணிக்கு வெர்லினின் கார் வெளியேறியதும்
என் பிக்கப்பிலிருந்து ஒரு காலன் உறிஞ்சினேன்,
வாயெல்லாம் பெட்ரோல்.
பேட்டரியைக் கொடுத்தேன்.
இரண்டாவது சாவித் திருப்பலில் பிடித்துக்கொண்டது.

ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை,
ஒரு நிமிடத்துக்குமேல் ஓட்டக் கூடாது.
சுற்றிலும் நானூற்றுப் பத்து.
நான் இறங்கி நின்று கேட்டேன்.
சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.
இடது பக்கம் ஒரு டாப்பெட் லேசாகத் தட்டியது,
அதைச் சரிசெய்திருக்கலாம்.
அணைத்தேன்.
சூடாறுமுன் ஸ்டார்ட்டரைக் கழற்றி
முப்பது டாலர் சீட்டு ஒட்டினேன்.

வியாழன் நசுக்கும் நாள்.
வடித்துத்தானே வந்தவை என்று
இந்த வண்டிகளில் எண்ணெயை நாங்கள் பார்ப்பதில்லை.
நானும் மறந்துவிட்டேன்.
மறந்தேன் என்றுதான் சொல்வேன்.
தட்டு இறங்கி, கூரை பிளந்து, கண்ணாடிகள் பொரிந்து,
பச்சையிலிருந்து மட்டும்
தேன் நிறத்தில் ஒரு கோடு
கான்கிரீட் மேல் மெதுவாக, வெர்லினின் பூட்ஸைத் தேடிப் போவதுபோல் போயிற்று.

அவர் குனிந்தார். விரலால் தொட்டு மோந்தார்.
என்னைப் பார்த்தார், டெமெட்ரியஸைப் பார்த்தார்.
பிறகு பூனை மணல் மூட்டை ஒன்றைத் தானே தூக்கிவந்து,
பிரித்து,
கோடு மறையும்வரை கொட்டினார்.
எதுவும் கேட்கவில்லை.

வார முடிவில் சம்பளக் கவரில்
பிடித்தம் என்று ஒரு வரி:
பூனை மணல், நாலு டாலர் எழுபது.