மாதிரி எண் ஒன்பது

ஒன்பது கடை, ஒன்பது பிளாஸ்க்.
மூடியில் பிளாஸ்திரி ஒட்டி
என் கோணல் எழுத்தில் எண்.
கடைப்பெயர் மடித்த தாளில் தனியாக;
கருவிக்கு ஆளைத் தெரியக் கூடாது, எனக்கும்.

குளோரோஃபார்ம் விட்டு வேகமாய்க் குலுக்கினேன்.
தப்பு.
சாயாவும் அதுவும் கட்டிப் புரண்டு
நுரைத்துத் திரண்டு
பிரிய மாட்டோம் என்றன.
"சண்டைய நீயே மூட்டிட்டு இப்ப முழிக்கிற"
என்று உமையாள் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள்.
அரை மணி. இடையில் கரண்ட் போய் வந்தது.

பிறகு பழுப்பெல்லாம் மேலே நிற்க
அடியில்,
ஒன்றுமே இல்லாதது போல்
தெளிவாய் ஒன்று.
திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாய் இறக்கினேன்.
தூக்கத்தைக் கெடுப்பதற்கு
நிறமே கிடையாது.

இருநூற்று எழுபத்து மூன்று நானோமீட்டர்.
கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தில்
கல்லுக்கட்டிக் கடை அறுபத்தொன்று,
கழனிவாசல் முக்கு நாற்பத்தேழு,
கிளாஸுக்கு, மில்லிகிராமில்.
ஒன்பதாம் எண் மட்டும் பதினொன்று.
குப்பியைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
பதினொன்று.

தாளைப் பிரித்தேன்: அடைக்கலம் டீ ஸ்டால்.
ஊரிலேயே கறுத்த டீ அது.
சம்பை ஊற்றுத் தண்ணி, அதான் ஸ்ட்ராங்கு என்பார்.
ஒரே தூள் மூன்று தடவை கொதிப்பதை
வடிகட்டித் துணிதான் சொல்லும்.

சாயங்காலம் போனபோது
சிலுவைமுத்து பெஞ்சில் இருந்தார்.
நூற்றுச்சொச்சம் ஜன்னல் உள்ள
பூட்டிய வீட்டுக்கு இரவுக் காவல்.
பத்து மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று,
அடைக்கலம் டீதான், பன்னிரண்டு வருஷமாக.
"என்னம்மா சொல்லுது மிஷினு?"
சொன்னேன். அதில் தூக்கம் போகாது என்றும் சொன்னேன்.

கிளாஸைத் தூக்கி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
"அப்ப முழிச்சிருந்தது நாந்தானா?"
கொஞ்ச நேரம் கழித்து,
"அதையும் தாள்ல எழுதிக் குடு,
சம்பளம் கேக்கறப்பக் காட்டலாம்."

அடைக்கலத்துக்குக் காதில் விழுந்ததா தெரியவில்லை.
ஒரு ஆற்று ஆற்றி
எனக்கும் ஒன்று நீட்டினார்.
சீனி தூக்கல். நாக்கைச் சுடும் சூடு.
மறுக்க வரவில்லை, குடித்துவிட்டேன்.

ரிப்போர்ட்டில் இன்னும் கடைசி வரி பாக்கி.
பிழை, கூட்டியோ குறைத்தோ இரண்டு.
மணி இரண்டேகால்.
கண் கொட்டக் கொட்ட
உட்கார்ந்திருக்கிறேன்.