இரண்டாம் எடை

அக்டோபர் பிறந்தால் குயாவிச் சமவெளியில்
சாலை சேறாகிவிடும்.
சேற்றில் டிராக்டர், அதன் பின்னே
மலைமலையாய்ச் சர்க்கரை பீட்ரூட்.
ஆலை வாசலில் எடைமேடை,
பக்கத்தில் தகரக் கூண்டு,
கூண்டுக்குள் லெஷெக், ஒரு ஹீட்டர்,
நான் எழுதிய நிரல்.

திரையில் இரண்டே பொத்தான்கள்.
சுமையோடு வந்தால் ஒன்று,
கொட்டிவிட்டுப் போனால் மற்றொன்று.
ஒன்றில் மற்றதைக் கழித்தால்
மிஞ்சுவது
ஒரு குடும்பத்தின் குளிர்காலம்.

முதல் பொத்தானை அழுத்தியதும்
நினைவகத்தில் ஒரு வண்டி பிறக்கும்:
எண், பெயர், பதினெட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ.
ஃபங்ஷனின் கடைசி அடைப்புக்குறியில்
செத்துப்போகும்.
பெற்ற இடத்திலேயே புதைத்திருந்தேன், அறியாமல்.
இரண்டாம் பொத்தான் கேட்கும்:
எந்த வண்டி?
ஒரே சாளரத்தில், ஒரு விரற்கடை தள்ளிக் குடியிருந்தும்
இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

செவ்வாய் இரவு பதினொரு மணி. கண் சொக்கியது.
வண்டியைத் தூக்கிப்
புறம்போக்கில் வைத்தேன்.
குளோபல்.
யாரும் எடுக்கலாம், யாரும் எழுதலாம்.
ஓடியது.
ஓடுவதெல்லாம் சரி என்று
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

வியாழன் காலை
மிரோஸ்வாவ் எடை போட்டுக் கொட்டப் போனார்.
அவர் திரும்புமுன்
ஹலினாவின் சின்ன டிராக்டர் மேடை ஏறியது.
அவளுடைய ஒன்பதாயிரத்துச் சொச்சம்
அவருடைய பதினெட்டாயிரத்தின் மேல்
சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

வெறும் வண்டியோடு வந்தவர் கையில் ரசீது:
நிகர எடை இரண்டாயிரத்து நூற்று அறுபது.
பதினோரு டன்னுக்கு மேல் கொட்டியிருந்தார்.
அவர் கத்தவில்லை.
ரசீதைக் கூண்டுக்குள் நீட்டி
"நான் எப்போது ஹலினா ஆனேன்?" என்றார்.
வரிசையில் சிரித்தார்கள்.
லெஷெக் சிரிக்கவில்லை, என்னைக் கூப்பிட்டான்.

எடைமேடையின் சொந்தச் சுருள்தாளில்
உண்மை இருந்தது, மங்கலாக.
திருத்திக் கொடுத்தோம்.
எழுபது கிலோமீட்டர் பேருந்தில் வந்தவள்
ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
புறம்போக்கைக் காலி செய்தேன்.

இப்போது சாளரத்திடம் ஒரு பெட்டி.
உள்ளே வண்டி எண் வாரியாகத் தனித்தனி அறை.
இரண்டு பொத்தான்களுக்கும் பிறக்கும்போதே
அந்தப் பெட்டியின் சாவி.
ஊருக்குத் தெரியாது, பங்காளிகளுக்குத் தெரியும்.
அவ்வளவுதான். பதினான்கு வரி.
அதற்கு மூன்று தேநீர், ஒரு மன்னிப்பு.

வெள்ளி இரவு எட்டு மணி.
முற்றம் வெறிச்சோடிப் பனி பூத்துக் கிடக்க
லெஷெக் நிரலை மூடப் போனான்.
நான் எழுதியிருந்த வாக்கியம் எழுந்து வந்தது:
"ஒரு வண்டி இன்னும் உள்ளே இருக்கிறது. மூடலாமா?"

வீட்டோல்ட். மாலை மூன்று பத்து. பதினான்காயிரம் கிலோ.
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தோம், வண்டி இல்லை.
போன் செய்தால்
கொட்டிவிட்டுப் பின்வாசல் வழியே போய்விட்டானாம்,
பசு கன்று ஈனுகிறது,
ஒரு கால் மட்டும் வெளியே வந்திருக்கிறது,
காலையில் வருகிறேன், வைத்துவிடுங்கள்.

சாளரத்தை மூடினால் பெட்டி போகும்.
பெட்டி போனால் அவன் பதினான்காயிரம் போகும்.
வட்டில் எழுதிவைக்க நான் இன்னும் எழுதவில்லை.

திரையை மட்டும் அணைத்தோம்.
ஹீட்டரைப் பிடுங்கினோம்.
கூண்டைப் பூட்டிக்கொண்டு நடக்கையில்
உள்ளே கணினியின் விசிறி
சன்னமாகச் சுற்றிக்கொண்டிருந்தது,
யாரோ ஒருவன் திரும்பி வருவான் என்று.