செருப்புகளுக்குக் காவல்

சங்கிலி ஏறும் சத்தத்தை எண்ணுகிறேன்:
டக், டக், டக்... நாற்பத்தொன்று.
பிறகு ஒரு மௌனம்.
அதன் நீளத்தை வைத்துத்தான் என் கணக்கு.
அலற யாராலும் முடியும்.

நுழைவில் பலகை:
இதயம், ரத்த அழுத்தம், கழுத்துவலி, கர்ப்பம்.
என் வியாதிக்கு அதில் பெயரில்லை.

சிறுசேரியில் பதினெட்டாம் மாடி உயரத்தில்
லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று
கிரீஸ் போடுகிறவன் நான்.
"உனக்கா பயம்?" என்கிறான் எபினேசர்.
டேய், அங்கே நிறுத்துகிற பொத்தான்
என் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது.

இறங்கி வருகிறவர்களைப் பார்க்கிறேன்.
சிரிப்பவர்களிடம் தகவல் இல்லை.
கம்பியை விட்ட பிறகும்
விரல் விரியாத நீலச் சட்டைக்காரர்
மனைவி நீட்டிய தண்ணீர் பாட்டிலைத்
திறக்காமல் வைத்திருக்கிறார் வெகுநேரம்.
எனக்கு அவர் போதும்.

மஞ்சள் ரயில் சரி.
பச்சை, பிரியாணிக்கு முன்னால் என்றால் பார்க்கலாம்.
தலைகீழாய்ப் போகிற சிவப்பு
இந்த ஜென்மத்தில் இல்லை.

ஐந்து ஜோடிச் செருப்பு, மூன்று போன்,
ஒரு மூக்குக்கண்ணாடி என் மடியில்.
மேலே எங்கேயோ எபினேசர்
அம்மா என்கிறான்,
அப்புறம் என் பெயரைச் சொல்லிக்
கெட்ட வார்த்தை.

ஈசிஆர் காற்றில் உப்பு.
மூன்றாம் வளைவில் ஒரு சக்கரம்
எண்ணெய் கேட்டு முனகுகிறது.
ஒவ்வொரு சுற்றிலும். அதே இடத்தில்.
எழுந்து போய்ச் சொன்னேன்.

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பையன் சொல்கிறான்:
"ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே."