மீதி: பூஜ்யம்

ஒரு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழ வேண்டும்.
கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருக்கிறான் உர்மாஸ்.
மரம் ஏற்றும் லாரி கடனில் போய்விட்டது;
இங்கே ஒன்பது இரவுக்கு நானூறு யூரோ.

தார்த்துவில் ஜூன் மாதம் இருட்டு வராது.
வருவதுபோல் வந்து, ஆற்றுப் பாலத்தில் சற்று நின்று
திரும்பிப் போய்விடும்.
ஜன்னலில் கறுப்புத் திரை கட்டியிருக்கிறோம்.
ஓரத்தில் விரல் அகலம் வெளிச்சம்.

எழுப்புவது என் வேலை.
முழங்கைக் குழாயில் ஒரு கரண்டி ரத்தம் எடுத்து
பனிக்கட்டியில் புதைப்பதும்.

"என்னதான் தேடுறீங்க இதுல?"
கொழுப்பு மூளைக்கு எழுதும் கடிதம், லெப்டின்:
போதும் என்று ஒரே வரி.
இரைப்பை போடும் கூச்சல், கிரெலின்:
இன்னும், இன்னும்.
தூக்கம் குறைந்தால் கடிதம் தாமதமாகிறது,
கூச்சல் கூடுகிறது என்று டாக்டர் ஹெல்துர் நம்புகிறார்.
அவன் யோசித்தான்.
"என் பொண்டாட்டியும் போதும்னுதான் சொன்னா.
நான் தூங்கிட்டேன்."

முதல் காலை கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு,
டப்பி மீனைத் தொடவில்லை.
மூன்றாம் காலை மீன், மீனின் எண்ணெய்,
எண்ணெயைத் துடைத்த ரொட்டி,
வெண்ணெய்த் தாளை நக்கிவிட்டு
வெட்கத்தோடு மடித்தான்.
"பசிக்கல. ஆனா சாப்பிடணும்."
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

மிச்சம் வைத்ததை நிறுக்க வேண்டும், கிராம் கணக்கில்.
தராசு நடைக்கோடியில் இருக்கிறது.
நடையில் யாரும் இல்லை, ஐந்தே கால் மணிக்கு.

பதினோரு வருடமாக நான்
நாலு மணி நேரம் தூங்குகிறேன்.
பஸ், லீலோவின் பள்ளிக்கூடம், துணி, மறுபடியும் பஸ்.
என் கையில் குழாய் இல்லை.
ருசி தெரியவில்லை, நின்றபடியே விழுங்கினேன்:
தயிர்க்கட்டி இனிப்பு இரண்டு, ரொட்டியின் கடினமான ஓரம்.
காலித் தட்டைத் தராசில் வைத்தேன்.
மீதி: பூஜ்யம்.

மேலே ஏறும் அவன் கோட்டில்
என் வயிறும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

இன்று நான்காம் காலை.
தட்டில் பாதி ரொட்டியை அவன் வேண்டுமென்றே விட்டிருந்தான்,
என் பக்கமாகத் திருப்பி.
நான் பார்ப்பதைப் பார்க்காமல்
திரையோரத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேனாவை எடுத்து நேற்றைய பூஜ்யத்தை அடித்தேன்.
பக்கத்தில் எழுதினேன்:
சுமார் நூற்று நாற்பது கிராம்.
சாப்பிட்டது செவிலி.
தூங்கிய நேரம்

அங்கே நிறுத்திவிட்டு
அந்தப் பாதி ரொட்டியை நிறுத்தேன்.
முப்பத்தொன்று.
பிறகு தின்றேன்.