வழியும் நேரம்

காட்பாடியில் கத்திரி வெயிலின் பதினோராம் நாள்.
இந்த வெயில் பொட்டாசியம் புரோமைடுக்கு மட்டும் பிடிக்கும்:
காற்றில் ஈரமில்லை,
உரலில் அரைத்து அழுத்தினால் வில்லை
மூக்குக்கண்ணாடிபோலத் தெளிந்து வருகிறது.

காலையில் அகச்சிவப்புக் கருவி ஒப்புக்கொண்டுவிட்டது,
தாமிரத்தை நைட்ரஜன் பிடித்திருக்கிறது என்று.
ஆயிரத்து அறுநூற்று இருபதில் இருந்த பள்ளம்
ஆயிரத்து அறுநூற்று நான்கில்.
இரண்டு வருடத்தில்
பதினாறு அலகு நகர்ந்திருக்கிறேன்.

என்.எம்.ஆரிடம் தாமிரத்தைக் காட்ட முடியாது,
எல்லா முகத்தையும் கலக்கிவிடும்.
ஈனியை மட்டும் தனியே அனுப்பியிருக்கிறேன்.
வரிசையில் நாற்பத்தோராவது.

ஃப்ரீசரில் ஒரு கன்றுக்குட்டி இருக்கிறது:
தைமஸிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.,
நிறம் போன பஞ்சுமிட்டாய்.
அப்பாவுக்கு ராணிப்பேட்டையில்
தோலுக்குக் குரோமியம் ஏற்றும் வேலை.
"தோலு எனக்கு, உள்ள இருந்தது உனக்கா?"
சிரித்துவிட்டு விலை கேட்டார்.
நான் சொல்லவில்லை.

குவார்ட்ஸ் குவெட்டில்
பத்துப் பத்து மைக்ரோலிட்டராக விடுகிறேன்.
ஒவ்வொரு துளிக்கும் திரையில் மலை தாழ்கிறது,
ஜன்னலுக்கு வெளியே
மொட்டை மலை அப்படியே நிற்கிறது.
பிணைகிறது, சரி.
எங்கே?

குடியாத்தம் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும்.
ஜன்னல்வழி கர்ச்சீப் போட்டு
இரண்டு பேருக்கு நடுவே இடம்பிடிப்பது ஒன்று.
படிக்கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது வேறு.
கைடுக்கு நடுவில்தான் உட்கார வேண்டும்.
கட்டுரைத் தலைப்பையும் அப்படியே வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
பாதி வரைந்த மலையோடு
பதினெட்டு லட்ச ரூபாய் இருட்டாகியது.

அலமாரியில் ஆஸ்ட்வால்டு குழாய் இருந்தது,
வளைத்த கண்ணாடி, அவ்வளவுதான்.
ஹசீனா கரும்புச்சாறு கடையிலிருந்து
ஒரு பை ஐஸ் வாங்கிவந்தாள்.
தொட்டியில் துண்டு துண்டாகப் போட்டு
இருபத்தைந்து டிகிரியை
இருவருமாகப் பிடித்துவைத்தோம், ஓடப் பார்க்கிற ஆட்டைப்போல.

நடுவில் நுழைந்தால் இழை நீளும்,
கரைசல் தடித்து மெதுவாய் வழியும்.
ஸ்டாப் வாட்ச் ஹசீனாவிடம்.
சேர்மம் சேர்க்காமல்:
தொண்ணூற்றெட்டுப் புள்ளி இரண்டு நொடி.
சேர்த்தபின்:
தொண்ணூற்றெட்டுப் புள்ளி மூன்று.
இன்னும் சேர்த்தபின்:
தொண்ணூற்றெட்டுப் புள்ளி இரண்டு.

"உன் கை லேட்" என்றேன்.
வாட்சைப் பிடுங்கி நானே பார்த்தேன்.
மூன்று முறை பார்த்தேன்.
ஐஸ் தீர்ந்தது.

படிக்கட்டுதான்.

ராத்திரி அப்பா கேட்டார்: "உள்ள போச்சா?
உள்ள போனாத்தான் தோலு நிக்கும்."
போகவில்லை என்றேன்.
"அப்ப உதுந்துடுமே."
உதிரவும் இல்லைப்பா,
நான்கு முறை கழித்துப் பார்த்தும்
அந்த மலை தாழ்ந்ததுதான்.
விரல் நுனியில் நீலம் ஒட்டாத
தன் கட்டைவிரலைத் தேடுபவர்போல
கையைக் கொஞ்சநேரம் திருப்பிப் பார்த்தார்.

நாளை தலைப்பில் ஒரு சொல்லை அடிக்க வேண்டும்.
அதற்குமுன் குழாயை அசிட்டோனில் கழுவ வேண்டும்,
இந்த வெயிலில்
அது காய நொடிகூட ஆகாது.