கேட்பு

கடலாய்வு நிலையம் என்று பலகை சொன்னது.
உள்ளே நாங்கள்
ரஷ்ய நீர்மூழ்கிகளை ஒட்டுக்கேட்டோம்.
நோவா ஸ்கோஷியாவில், ஜன்னல் இல்லாத கட்டடம்.
இரவு முழுக்க ஊசி தாளைச் சுட்டுக்கொண்டே போகும்.
கரி வாசனை தலைமுடியில் ஏறிவிடும்.

எடித் சுரெட் ஒரு காதை மட்டும் மூடிக்கொள்வாள்.
"ஐந்து இறக்கை. இடப்பக்கத் தண்டு கொஞ்சம் நோயாளி"
என்பாள், பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி.
அவள் சொன்னால் அட்லாண்டிக் ஒத்துக்கொள்ளும்.

ஒரு ராத்திரி வந்தது எதிரி இல்லை, திமிங்கிலம்.
அதன் குரல் விழுந்த தாளைச்
சட்டைக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.
சமையலறை நாள்காட்டிக்குப் பின்னால் ஒட்டினாள்.
அந்த வீட்டில் கட்டில் இரண்டு.
ஒன்றில் துணி மடித்து வைப்போம்.

சலவைக் கடையில் யாரோ
எங்கள் போர்வைகளை எண்ணியிருக்கிறார்கள்.

எண்பத்து மூன்று, மார்ச்.
என்னை மட்டும் ஒரு மோட்டலுக்கு அழைத்துப் போனார்கள்.
திரைச்சீலை முழுக்க வாத்துகள்.
மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.
மூன்று நாற்காலி, ஓர் ஒலிப்பதிவுக் கருவி.
ஒருவர் கேட்டார். மற்றவர் ஆரஞ்சு உரித்தார்.
யார் முதலில் தொட்டது.
எந்தக் கை.
விளக்கு எரிந்ததா.
உங்களில் யார் புருஷன்.
சொல்லு, ஹிமெல்மன், சொல்லு.
கேட்பதுதான் என் தொழிலும்.
இப்படியும் கேட்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் மணியில் தாளைக் கொடுத்தேன்.
ஆளைக் கேட்காமல் விடட்டும் என்று
தாளை.
"நாள்காட்டிக்குப் பின்னால்" என்றேன்.
எழுதிக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள்.
பிறகு ஆளைக் கேட்டார்கள்.
ஐந்தாம் மணியில் சொன்னேன்.
எல்லாவற்றையும். கேட்காததையும்.
ஒரு சுளை நீட்டினார். தின்றேன்.

வியாழக்கிழமை அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள்.
பூட்ஸைத் திருப்பி வாங்கிவிட்டார்கள் போல,
பனியில் கான்வாஸ் காலணி.
ஷிஃப்ட் வேனில் ஒன்பது பேர் இருந்தோம்.
ஒன்பது பேரும் மறுபக்க ஜன்னல் வழியே
பார்க்க ஒன்றுமில்லாத வயலைப் பார்த்தோம்.

அவள் இருக்கைக்கு மனிடோபாவிலிருந்து ஒரு பையன் வந்தான்.
மீன்பிடிப் படகைப் போர்க்கப்பல் என்றான்.
ஒரு வாரம் அட்மிரல்களுக்குத் தூக்கமில்லை.
திமிங்கிலத்தின் மேல்
ரகசியம் என்று முத்திரை குத்திப் பூட்டினார்கள்.

என்னை வைத்துக்கொண்டார்கள்.
ஏமாற்றப்பட்டவள், திருத்தலாம் என்று
கோப்பில் எழுதியிருப்பார்கள்.
மேலும் பதினெட்டு வருஷம்.
நன்னடத்தைப் பதக்கம், அதன் மேல் ஒரு பட்டை, முழு ஓய்வூதியம்.
ஆரஞ்சு வாங்குவதில்லை. அது பெரிய விஷயமில்லை,
எனக்கு ஆரஞ்சு முன்பும் பிடிக்காது.

பிறகொரு நாள் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது,
தொலைக்காட்சியில், கொடிகளோடு.
கேட்பு மனு தபாலில் வந்தது. பதினோரு பக்கம்.
விசாரிக்கப்பட்டீர்களா: ஆம்.
பணிநீக்கம் செய்யப்பட்டீர்களா: இல்லை.
இன்னொருத்தியைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்பதற்கு
எந்தப் பக்கத்திலும் கட்டம் இல்லை.
காகிதங்களைத் திருப்பியும் பார்த்தேன்.

யார்மத் தொலைபேசிப் புத்தகத்தில் நிறைய சுரெட்டுகள்.
எடித் ஒருத்திதான்.
இரண்டு முறை கூப்பிட்டுப் பேசாமல் வைத்தேன்.
மூன்றாம் முறை அவளும் பேசவில்லை.
கெட்டிலின் முனகல் கேட்டது.
நகம் தேய நடக்கும் ஒரு நாய்.
மூச்சின் முடிவில் கொஞ்சம் இழுப்பு,
அது முன்பு இல்லை.

அங்கிருந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.
"ஹிமெல்மன்" என்றாள்,
முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, பிசகில்லாமல்.
"சொல்லு."

கெட்டிலை யாரோ அணைத்தார்கள்.
அவள் அல்ல. அவள் மூச்சு
நகராமல் என் காதிலேயே இருந்தது.